கப்பித்தானின் நாக்கு

வன்னி நாட்டின் கீழ்க்கரையில், காட்டாறு ஒன்று கடலைக் கண்டதும் தயங்கி நின்று, மணற்றிட்டுகளுக்கு இடையே பல கிளைகளாய்ப் பிரிந்து, அகன்ற கழியாய் விரிந்து கிடக்கும் இடத்தில், முன்னாளில் ஆலங்கழி என்றொரு கோட்டை இருந்தது. மூன்று புறமும் உப்புநீர் சூழ, நான்காம் புறத்தில் பனைமரங்களை நெருக்கமாய் நட்டுச் செம்மண் அப்பிய மதிலோடு நின்ற அந்தச் சிறு கோட்டைக்கு முன்னால், புரட்டாசி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் வாசகர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மேற்கே பெருங்காட்டின் முடியில் ஒட்டியிருந்த செவ்வொளி மெல்ல மெல்லக் கருகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பிறைத் திங்கள், வெட்டி எறிந்த நகத்துணுக்கைப் போல, ஒளியென்று சொல்லத் தகாத ஒரு வெளுப்பைக் கழியின் மீது சிந்திற்று. அந்த வெளுப்பில் நீரெல்லாம் ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல் அசைவற்றுக் கிடந்தது. கடற்புறத்தில் பறங்கியரின் மூன்று கப்பல்கள் பாய் சுருட்டி நின்றன. கோட்டைக்குள்ளிருந்து சமையற்புகை எழுந்து பல நாட்கள் ஆகியிருந்தன.

நல்லூர் அரசு வீழ்ந்து, வடபுலமெங்கும் பறங்கியர் கொடி ஏறிய பின்னும், காட்டை அரணாகக் கொண்ட வன்னிக் குறுநிலத் தலைவர்கள் சிலர் பணிய மறுத்து நின்றார்கள். ஆண்டுதோறும் கொம்பன் யானைகளைத் திறையாகக் கேட்ட பறங்கிக்கு, ஆலங்கழி வன்னியன் இவ்வாண்டு ஒரு கன்றைக்கூட அனுப்பவில்லை. அதன் விளைவே இந்த முற்றுகை.

அவ்வேளையில் பறங்கியர் பாசறையின் ஓரமாய், கடற்கரை மணலில், ஒரு பெண் தனியே நடந்து கொண்டிருந்தாள். கணுக்கால் வரை புரளும் கரிய பாவாடையும், தலையை மூடிய கரிய துகிலும், மார்பில் சிறு சிலுவையும் அவளைப் பறங்கி மகளாய்க் காட்டின. ஆயினும் அந்தக் கருமைக்குள்ளிருந்து வெளிப்பட்ட முகமோ, நாவற்பழத்தின் மீது படிந்த மென்புகை போன்ற நிறமும், நீண்டு காதளவோடிய விழிகளும் கொண்ட சுத்தத் தமிழ் முகம். ஞானஸ்நானப் பெயர் தோனா இசபேல். சிப்பாய்கள் அவளை லிங்குவா என்று அழைப்பார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு நாக்கு என்றும் பொருள், இருமொழி பேசும் துபாஷி என்றும் பொருள். அதைக் கேட்டறிந்த தமிழ்க்குடிகள் அவளுக்கு வைத்த பெயர் "கப்பித்தானின் நாக்கு". அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் காறித் துப்புவது வழக்கம்.

கரையில் கவிழ்த்திருந்த படகொன்றின் மறைவில் இரும்பு உரசும் ஓசை கேட்டு அவள் நின்றாள். காப்பிரி ஆடவன் ஒருவன் குந்தியிருந்து, குவித்து வைத்த சங்கிலிகளை மணலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மொசாம்பிக் கரையிலிருந்து இளவயதில் பிடிபட்டு வந்தவன். கோயிலில் அவனுக்கு இட்ட பெயர் பெந்தோ.

"என்ன செய்கிறாய், பெந்தோ?" என்று பறங்கி மொழியில் கேட்டாள்.

"துரு எடுக்கிறேன், அம்மணி. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் கெட்டுவிடுகிறது."

"நங்கூரச் சங்கிலியா?"

அவன் தலை நிமிர்ந்தான். குவியலிலிருந்து வளையம் ஒன்றை எடுத்து அவள் முன் நீட்டினான். "நங்கூரத்துக்கு இத்தனை சின்ன வளையம் எதற்கு? இது சிறுபிள்ளையின் கணுக்காலுக்கு. இதோ இது பெண்பிள்ளைக்கு. நீங்கள் தூக்கிப் பார்க்க வேண்டாம். எடை என்னவென்று என் காலுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

பெந்தோ முகவாயைக் கோட்டைப் பக்கமாய் உயர்த்தினான்.

"அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு இதை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கப்பலும் வெறுமையாய் நிற்கின்றன, கிழக்கே போகவாம். என் ஊரிலும் இப்படித்தான், அம்மணி. அரசனோடு சமாதானம் என்றார்கள். கரைக்கு வாருங்கள், எல்லாருக்கும் துணி தருகிறோம் என்றார்கள்." வளையத்தைக் குவியலில் போட்டுவிட்டு மறுபடி மணலை அள்ளினான். "துணி கொடுத்தார்கள். அதில் பொய் சொல்லவில்லை."

கப்பித்தானின் கூடாரத்திலிருந்து ஆள் வந்து அழைத்தபோது இசபேலின் கால்கள் மணலில் புதைந்தபடியே நின்றிருந்தன.

கப்பித்தான் கஸ்பார் மோன்தெய்ரோ கொடுமுகம் காட்டும் மனிதனல்லன். நரைத்த தாடியும், முழங்கால் வீக்கமும், எவரையும் இருக்கச் சொல்லி உபசரிக்கும் பண்பும் உடையவன். அவன் ஊர்கள் பலவற்றை அழித்தபோதும் குரல் உயர்த்தியதாக ஒருவரும் கூறியதில்லை.

"அமருங்கள், தோனா இசபேல்! மொசாம்பிக்கு, ஓர்மூசு, கோவா, மலாக்கா என்று எம் மன்னர் கோத்த செபமாலையில் இந்தக் கழி மிகச் சிறிய மணி. இதற்காக நான் ஒரு பருவத்தையே இழந்துவிட்டேன். வாடைக்காற்று கிளம்புமுன் கப்பல்கள் புறப்பட்டாக வேண்டும். ஆகவே நாளைக் காலை வெள்ளைக்கொடியோடு கோட்டைக்குள் செல்லுங்கள். வன்னியனிடம் சொல்லுங்கள்: உயிருக்கு அபயம், அவர்கள் தெய்வங்களுக்கு ஊறில்லை, மறுநாள் விடியலில் அனைவரும் வடகரைக்கு இறங்கி வந்தால், நம் கப்பல்களிலேயே சேதுநாட்டுக் கரையில் பத்திரமாய் இறக்கிவிடுவோம்."

"மெய்யாகவே சேதுக்கரையில் இறக்கப் போகிறீர்களா, பிரபு?"

மோன்தெய்ரோ புன்னகை செய்தான்.

"நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தால் போதும், அம்மணி. ஏன் என்று கேட்பது தலையின் வேலை. சிமாவோ உங்களுடன் வருவான். அவன் தாய் நாகப்பட்டினத்துக்காரி. சந்தைத் தமிழ் அவனுக்கு நன்றாய்ப் புரியும். நீங்கள் எங்கேனும் தடுக்கினால் தாங்கிப் பிடிப்பான்."

பிறகு அவள் அங்கே நிற்பதையே மறந்தவன் போல், வாயிலில் நின்ற படைத்தலைவன் பக்கம் திரும்பினான். "அவர்கள் இசைந்துவிட்டால், நாளை மாலையே தென்கழிக் காவலை எடுத்து வடகரைக்குக் கொண்டுவாருங்கள். அத்தனை பேரைக் கட்டிப்போட எல்லாக் கைகளும் வேண்டியிருக்கும்."

மறுநாட் காலை, வெள்ளைத் துணி கட்டிய ஈட்டியைத் தூக்கிக்கொண்டு சிமாவோ முன்செல்ல, இசபேல் கோட்டை வாயிலுக்குள் நுழைந்தாள். சிமாவோ முப்பது வயதைக் கடந்த, அம்மைத் தழும்பு முகத்தவன். தகப்பன் இனம் அவனை முழுதாய் ஏற்கவில்லை. தாய் இனத்தை அவன் முழுதாய் அறியவில்லை. உட்புறத்துக் காட்சி கண்டு அவன்கூட நடை தளர்ந்தான். மதிலோரமெங்கும் மக்கள் சுருண்டு கிடந்தார்கள். குழந்தைகள் புளியங்கொட்டையை வாயில் அதக்கிக்கொண்டு, அழுவதற்கும் வலுவில்லாமல் பார்த்தன. சிமாவோ தன் சட்டைக்குள்ளிருந்து காய்ந்த ரொட்டித் துண்டொன்றை எடுத்து, யாரும் காணாதபடி ஒரு பிள்ளையின் மடியில் நழுவவிட்டதை இசபேல் கண்டாள்.

அந்தப் பிள்ளையின் தாயோ இசபேலை மட்டுமே கண்டாள். சுவரைப் பிடித்து எழுந்து நின்று கத்தினாள்: "பறங்கிக்கு வாயாப் போனனியே! உன்னைப் பெத்தவளும் தமிழிச்சிதானேடி! எங்கட பிள்ளையளின்ர வயித்தைப் பார்! பார்த்திட்டுப் போய் அவங்களுக்குச் சொல்லு, இன்னும் ரெண்டு நாளில எல்லாம் முடிஞ்சிடுமெண்டு!"

இசபேல் முகத்தைத் திருப்பாமல் நடந்தாள். அந்த முற்றத்தில் எந்த மூலையில் நெல்லி மரம் நிற்கும், எந்தத் தூணில் யானை முகம் செதுக்கியிருக்கும் என்பதெல்லாம் அவள் கால்களுக்கே தெரிந்திருந்தது. மண்டபப் படியருகே ஒரு நடுகல் நின்றது. அது மட்டும் அவளுக்குப் புதிது. சிந்தூரம் பூசிய அக்கல்லில், "பறங்கியர் கையில் மாண்ட பெரிய வன்னியனார் திருமகள் உலகநாச்சி" என்று வெட்டியிருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"என்ன கல்லு?" என்றான் சிமாவோ.

"செத்துப்போனவள் ஒருத்தியின் கல்" என்றாள் இசபேல்.

வாசகர்களே, இன்னும் எதை மறைப்பது? உயிரோடு நின்று தன் பெயரையே நடுகல்லில் வாசித்த அப்பெண் உலகநாச்சியேதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், உடன்படிக்கைக்குப் பிணையாகத் தன் பதினான்கு வயது மகளைப் பறங்கியரிடம் ஒப்புவித்த பெரிய வன்னியனார், ஓராண்டு கழியுமுன் அந்த உடன்படிக்கையை முறித்தார். பிணைப்பெண்ணைப் பறங்கியர் கொன்றுவிட்டார்கள் என்று ஊரறியக் கூறினார். ஒருவேளை அவரே அப்படித்தான் நம்பினாரோ, என்னவோ! மகளுக்காக அழுத குடிகளை ஆயுதம் எடுக்க வைத்தார். பறங்கியரோ அவளைக் கொல்லவில்லை. தலையில் நீர் ஊற்றிப் பெயர் மாற்றி, மொழி கற்பித்து, தங்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் வந்த மோன்தெய்ரோவுக்கு அவள் பிறப்பு தெரியாது. பின்னொரு நாள், தனக்குத் தந்தை கருமாதி நடத்திவிட்டார் என்று மன்னார்ச் சந்தையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்ட பிறகு, ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை அவள் தன் நெஞ்சிலிருந்து வேரோடு பிடுங்கி எறிந்தாள். எறிந்துவிட்டதாகவே நேற்று மாலை வரை நம்பியிருந்தாள்.

மண்டபத்துள், மாண்ட தந்தையின் இருக்கையில், அவள் தம்பி குமாரசூரிய வன்னியன் வீற்றிருந்தான். அவள் பிரிந்தபோது எட்டு வயதுப் பாலகன்; இன்று கன்னம் ஒட்டி, கண்ணில் பசி எரியும் இளைஞன். அவனுக்கு வலப்புறம், வாளை ஊன்றி நின்றவன் படைமுதலி மழவராயன். உலகநாச்சியின் தாய்மாமன் மகன். அவளுக்கென்றே பேசி வைத்திருந்தவன். காதோரம் நரைத்திருந்தது. அவளை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. அருவருப்பானதொன்றைக் கண்டதுபோல் பார்வையைச் சிமாவோவின் கொடியிலே நிறுத்தியிருந்தான்.

இசபேல் கைகூப்பினாள். கப்பித்தான் சொன்னது சொன்னபடி, ஒரு சொல்லும் பிசகாமல், எளிய தமிழில் எடுத்துரைத்தாள். சிமாவோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டீர்களா, முதலியாரே!" என்றான் இளவன்னியன். "என் குடிகள் மண்ணைத் தின்னும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கோட்டை போனால் போகட்டும். சேதுநாட்டில் கூலிவேலை செய்தாவது பிழைத்துக்கொள்ளட்டும். நான் இசையத்தான் போகிறேன்."

"இசையலாகாது, வன்னியனாரே!" என்றான் மழவராயன். "பறங்கி வாக்கை நம்பித் தங்கள் தமக்கையாரை இழந்தோம். அதே வாக்கை, அவன் எச்சில் சோறு உண்ணும் இந்தப் பெண்ணின் வாயால் கேட்டு, குடிகளையும் இழப்பதா?"

"வேறு வழி கூறுங்கள்! தென்கழிச் சேற்றைக் கடக்கலாமென்றால் அங்கே அவன் வில்லாளர்கள் இருக்கிறார்கள். இங்கே இருந்தால் பசி. நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்கிறேன். வழி ஒன்று கூறுங்கள்!"

மழவராயன் தென்புற மதிலை நோக்கித் திரும்பினான்.

எச்சரிக்க இசபேல் ஒரு சொல்லைத் தேடினாள். கப்பல் என்றால் சிமாவோவுக்குத் தெரியும். விலங்கு தெரியும், அடிமை தெரியும், பொய் தெரியும், இரவு தெரியும். சந்தையில் புழங்கும் எந்தச் சொல்லும் இப்போது அவளுக்கு உதவாது. அப்போதுதான், எங்கோ ஆழத்திலிருந்து, பிள்ளைப்பருவத்துப் பாடம் ஒன்று மேலெழுந்து வந்தது. இதே மண்டபத்தில், அரண்மனைப் புலவர் முன்னால் மழவராயனோடு அருகமர்ந்து நிகண்டு மனனம் செய்த நாட்கள்! ஒரு பொருளுக்கு எத்தனை பழஞ்சொல் உண்டோ அத்தனையும் ஒப்பித்து, பிறகு தோழியரும் காவலரும் விழிக்கும்படி அப்பழஞ்சொற்களாலேயே இருவரும் பேசி விளையாடிய நாட்கள்!

அவள் முகத்தில் ஒரு செயற்கைப் புன்னகையை வரவழைத்துக்கொண்டாள். மன்னரைப் புகழும் பாணரைப் போல் வலக்கையை உயர்த்தி, குரலை இழுத்துப் பண்போலப் பாடலானாள்:

"கோமான் நீடு வாழ்க! வங்கம் மூன்றும் வறிய. அகட்டினுள் நிகளமே நிறைந்துள. இவர் உரைத்த சூள் அனைத்தும் படிறு. அளக்கர்க் கரை எய்தின் நும் குடி முழுதும் தொழும்பாய்க் குணக்கு ஏகும். இற்றைக் கங்குலில் கூற்றின் திசைக் கழியிடை ஏமம் இன்று. ஆண்டுப் பெயர்மின்!"

கப்பல்கள் வெறுமையாய் நிற்கின்றன. அவற்றின் வயிற்றில் இருப்பது கால்விலங்கு. சொன்ன உறுதியெல்லாம் வஞ்சகம். கடற்கரைக்கு வந்தால் குடிகள் அனைவரும் அடிமைகளாய்க் கிழக்கே கொண்டுபோகப்படுவார்கள். இன்றிரவு, யமனுக்குரிய தென்திசையில், கழிக்குக் காவல் இராது. அவ்வழியே சென்றுவிடுங்கள் என்பதே அவள் பாடியது. இளவன்னியன் பிறந்தது முதல் போரில் வளர்ந்தவன். ஏடு எடுத்துப் படிக்க அவனுக்கு நேரம் வாய்த்ததில்லை. அவன் வெறுமே விழித்தான். சிமாவோவும் விழித்தான்.

மழவராயனின் வாள்நுனி மட்டும் தரையில் ஒருமுறை கீறி நின்றது.

"என்ன அது?" என்று சிமாவோ பறங்கி மொழியில் சந்தேகத்தோடு கேட்டான்.

"புகழ்ச்சி" என்றாள் இசபேல். "நம் கப்பித்தானையும் இவர்கள் தலைவனையும் புகழ்ந்து பாடினேன். புகழாமல் சொன்ன சொல்லை இவர்கள் அவையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்."

மழவராயன் இப்போதுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தான். கரிய துகிலையும் சிலுவையையும் தாண்டி, அந்த நெற்றியையும் விழிகளையும் தேடிப் பார்த்தான். அவனும் குரலை இழுத்து, புகழுக்குப் புகழ் பாடுபவனைப்போல் விடை பகர்ந்தான்:

"நவின்ற நா நீடுக! அந்நா எவர் நா?"

"வாயிற்கண் நட்ட கல்லின் கீழ் உறைவாள் நா."

மழவராயன் வாளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான். "நீயும் உடன் பெயர்க!" என்றான்.

"யான் ஆண்டு இல்லையேல் அவர் துயிலார்" என்றாள் அவள்.

மெய்தான். துபாஷி பாசறைக்குத் திரும்பாவிட்டால் கப்பித்தான் ஐயுறுவான். தென்கழிக் காவல் நீங்காது. மழவராயனுக்கு அது விளங்கிற்று. அவன் இளவன்னியன் பக்கம் திரும்பித் தலைவணங்கினான்.

"வன்னியனாரே, அடியேன் கூறியது தவறு. கப்பித்தான் பெருந்தகை. நாளை விடியலில் வாயிலைத் திறப்போம் என்று சொல்லி அனுப்புவோம்."

"முதலியாரே!" என்று இளவன்னியன் திகைத்தான். ஆயினும், தன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவனின் கண்களில் எதையோ கண்டு, மேலே ஒன்றும் கேட்காமல் தலையசைத்தான்.

அன்று மாலை கப்பித்தான் இசபேலுக்குத் தன் கையாலேயே திராட்சை மது வார்த்துக் கொடுத்தான். தென்கழியிலிருந்த வில்லாளர்கள் தீவட்டிகளோடு வடகரைக்கு வந்து சேர்ந்தார்கள். பிறை மறைந்தது. கோட்டைக்குள் விளக்குகள் எரிந்தவண்ணமிருந்தன. ஜாமத்துக்கொருமுறை முரசும் ஒலித்தவண்ணமிருந்தது. அந்த ஒலி நீடிக்க நீடிக்க, உள்ளே எவரேனும் தங்கிவிட்டால்தானே முரசு ஒலிக்கும் என்ற எண்ணம் அவளை அறுத்தது. தங்குபவன் யாராயிருப்பான் என்பதை அவள் எவரிடமும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

விடிந்தது. கோட்டை வாயில் சொன்னபடியே திறந்தது. வெளியே வந்தவர்களோ, நடக்கவே மாட்டாத முதியவர் சிலரும், காயம்பட்ட வீரர் சிலரும், அவர்களைத் தாங்கிக்கொண்டு மழவராயனும். அவ்வளவுதான். உள்ளே பாய்ந்த பறங்கியர் அணையாத விளக்குகளையும் ஆளற்ற முற்றத்தையும் கண்டு திரும்பினார்கள். தென்கழிச் சேற்றில் நூற்றுக்கணக்கான காலடிகள் காட்டை நோக்கிப் போயிருந்தன. அவர்களைத் துரத்திப் படகுகள் விரைந்தன.

வடகரை மணலில் மழவராயனை மண்டியிட வைத்தார்கள். மோன்தெய்ரோ நாற்காலியில் அமர்ந்து, வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே, குரல் உயர்த்தாமல் கேட்டான்: "யார் சொன்னது என்று கேளுங்கள், தோனா இசபேல்."

அவள் கேட்டாள். மழவராயன் நிமிர்ந்து பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்ற சிமாவோவைச் சுட்டினான்.

"இதோ நிற்கிறானே, இந்த அம்மைத் தழும்பன். நேற்று மண்டபத்தில் என் காதுக் கடுக்கனை வாங்கிக்கொண்டு சொன்னான்."

சிமாவோவுக்குத் தமிழ் புரியும். "இல்லே... நான் இல்லே! பொய்! அம்மா, நீ சொல்லு!" என்று சந்தைத் தமிழில் குழறினான். கப்பித்தானுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் இசபேலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, அக்கணத்தில் அவள் எதிரே இரண்டு வழிகள் இருந்தன. மழவராயன் திறந்து வைத்த வழி எளிது: கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தால் போதும். அவள் பிழைப்பாள். தன் உயிரை நேற்றே கழித்துவிட்ட அம்மாவீரன் கடைசியாய்க் கொடுக்க முடிந்தது அதுதான். பதிலுக்கு, பசித்த பிள்ளையின் மடியில் ரொட்டி போட்ட ஒருவன் மாலைக்குள் தூக்கில் தொங்குவான். மழவராயன் கண்களால் மன்றாடினான். அவள் அதைக் கண்டாள். கண்டும், தலையை மூடியிருந்த கரிய துகிலை இரு கைகளாலும் எடுத்து மணலில் போட்டாள்.

"இவர் சொன்னது மெய்யன்று, பிரபு" என்றாள் பறங்கி மொழியில். "சிமாவோ எதுவும் சொல்லவில்லை. சொன்னவள் நான். அவன் காதெதிரேதான் சொன்னேன். அவனுக்கு விளங்காத தமிழில் சொன்னேன்."

மோன்தெய்ரோவின் கை முழங்காலில் நின்றுவிட்டது. "ஏன்?" என்றான். தலையின் வேலையென்று அவனே ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்தே வந்தது.

"ஏனென்றால் அது என் தகப்பன் கோட்டை. முன் ஆண்ட பெரிய வன்னியனின் மகள் நான். என் பெயர் இசபேல் அன்று, உலகநாச்சி." பிறகு தமிழுக்குத் திரும்பி, கரையிலிருந்த முதியவர்களும் காயம்பட்டவர்களும் கேட்கும்படி உரக்கக் கூறினாள்: "கேளுங்கள்! பன்னிரண்டு வருடம் பிறர் சொன்னதைச் சொன்னேன். ஊர்கள் எரிந்ததும் என் வாயால் போன கட்டளையால்தான். அதை நான் மறுக்கவில்லை. இனி இந்த நாக்கு எந்தப் பறங்கிக்கும் ஒரு சொல்லும் சுமக்காது. இது என் குலதெய்வத்தின் மேல் ஆணை!"

மணலில் கிடந்த கிழவர் ஒருவர், கண் தெரியாதவர், "ஆர் அது கதைக்கிறது? பெரிய வன்னியனார்ற குரலெல்லே!" என்று இருட்டைத் துழாவுவதுபோல் கையை நீட்டினார்.

அந்த ஆணையை அவள் காத்தாள். அன்று பகல் முழுதும், மிரட்டியும், அடித்தும், மன்றாடியும் கேட்டார்கள். அவள் பறங்கி மொழியில் வாய் திறக்கவில்லை. மாலையில் தண்டனை வாசிக்கும் நேரம் வந்தபோது, கைதிகளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல், கப்பித்தான் சிமாவோவையே முன்னே தள்ளினான். சிமாவோ மழவராயன் முன்னால் வந்து நின்றான். காலையில் தன்னைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்த மனிதனை அவன் நேருக்கு நேர் பார்த்தான். பிறகு, கரகரத்த குரலில், வந்த தமிழைக் கொண்டு ஆரம்பித்தான்:

"கப்பித்தான் சொல்றாரு. நீ மலாக்கா போற. தண்டு வலிக்கிற கப்பல்லே. சாகிற மட்டும். இந்த அம்மா கோவா போறாங்க. அங்கே பெரியவங்க விசாரிப்பாங்க." அதே தொனியில், முகத்தில் ஓர் அசைவுமின்றித் தொடர்ந்தான்: "படகு எல்லாம் திரும்பி வந்திருச்சு. ஒரு ஆள் கெடைக்கலே. சின்ன ராசா, பொம்பளெ, புள்ளெ, எல்லாம் காட்டுக்குள்ளே போயாச்சு. இது கப்பித்தான் சொல்லலே. நான் சொல்றேன்."

"இவ்வளவு நீளமாகவா நான் சொன்னேன்?" என்று கேட்டான் மோன்தெய்ரோ.

"எனக்குத் தமிழ் குறைவு, பிரபு" என்றான் சிமாவோ. "சுற்றி வளைத்துத்தான் சொல்ல வருகிறது."

உலகநாச்சி கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளின் கீழிருந்து நீர் வழிந்து, அடிபட்டு வீங்கிய கன்னத்தின் மேல் இறங்கிற்று. மழவராயனோ, இரும்பு பூட்டிய கால்களோடு மணலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நெடுங்காலம் சுமந்த எதையோ இறக்கி வைத்தவனைப்போல் மூச்சு விட்டான்.

இருட்டும் முன்பே இருவரையும் வெவ்வேறு படகுகளில் ஏற்றினார்கள். கிழக்கே போகும் கப்பலுக்கு ஒன்று. தென்முனையைச் சுற்றி மேற்கே போகும் கப்பலுக்கு ஒன்று. காற்று மாறத் தொடங்கியிருந்தது; கழியின் ஈயநீர் சுருக்கம் விழுந்து கறுத்தது. படகுகளுக்கு நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போயிற்று. தண்டுகள் நீரைக் கிழிக்கும் ஓசைக்கு மேலாக, அந்த இடைவெளியின் மறுபுறத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"உலகநாச்சீ!"

அந்தப் பெயரால் அவளை எவரும் அழைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காவலன் தோளைப் பிடித்து அழுத்தினான். அவள் அவன் கையை உதறிக்கொண்டு, ஆடும் படகில் எழுந்து நின்று, கழியெங்கும் கேட்கும்படி விடையளித்தாள்:

"இருக்கிறேன், அத்தான்! இருக்கிறேன்!"